கடலைமிட்டாய், கோவில்பட்டி

கடலைமிட்டாய் என்பது, வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைத்த நிலக்கடலைப் பருப்பை வெல்லப் பாகில் கலந்து, சூடு ஆறுமுன் பலகையில் பரப்பித் துண்டிட்டுச் செய்யப்படும் தின்பண்டமாகும். தமிழகத்தின் பல ஊர்களில் இது செய்யப்பட்டாலும், தூத்துக்குடி மாவட்டத்தின் வானம் பார்த்த பூமியான கோவில்பட்டியின் பெயரோடு சேர்த்தே பெரிதும் அறியப்படுகிறது. அங்குப் பரந்துள்ள, ஈரத்தில் களியாகிக் காலோடு ஒட்டுவதும், கோடையில் ஆழ வெடிப்பதுமான கருநிற மண்ணைக் கரிசல் என்பர். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் இந்த நிலப்பகுதி, வடகிழக்குப் பருவமழையை நம்பியே விதைப்பைத் தொடங்குகிறது.

இப்பண்டத்தின் முதற்பொருளான நிலக்கடலை தமிழகத்தின் பழைய பயிரன்று. தென் அமெரிக்காவில் பொலிவியா, வட அர்ஜென்டினா பகுதிகளில் தோன்றிய இப்பயிர், ஐரோப்பியக் கடலோடிகளின் வழியாக 16-ஆம் நூற்றாண்டு முதல் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் பரவியது. அதற்குமுன் 'கடலை' என்ற சொல் கொண்டைக்கடலையையே குறித்ததால், மண்ணுக்குள் காய்க்கும் புதுவரவுக்கு 'நிலம்' என்ற அடைமொழி தேவைப்பட்டது. வடதமிழகத்தில் இன்றும் வழங்கும் 'மணிலாக்கொட்டை' என்ற பெயரும் அதன் மரூஉவான 'மல்லாட்டை'யும், ஸ்பானியர் ஆண்ட பிலிப்பைன்ஸின் தலைநகரை நினைவில் வைத்திருக்கின்றன. ஒரு பயிர் வந்த வழியை உழவரின் பேச்சே இவ்வளவு துலக்கமாகக் காத்துவைத்திருப்பது அரிது. மலாய் மொழியில் இது 'கச்சாங் தானா', அதாவது நிலத்துப் பயறு எனப்படுகிறது. இலங்கைத் தமிழர் இதனைக் 'கச்சான்' என்கின்றனர். அங்குக் கோயில் திருவிழாக்களில் விற்கப்படும் 'கச்சான் அல்வா', பெயரில் அல்வாவாயினும் கடலைமிட்டாயின் உடன்பிறப்பே.

கரிசல் மண்ணில் விளைந்த கடலைதான் கோவில்பட்டி மிட்டாய்க்குச் சுவை தருகிறது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இக்கூற்றைச் சற்றுத் திருத்தியே ஏற்கவேண்டும். கடலைச் செடியின் பூ கருவுற்றபின் அதன் அடியிலிருந்து விழுது போன்ற காம்பொன்று இறங்கி மண்ணைத் துளைத்து உட்புகுந்து, அதன் நுனியே காயாகத் திரள்கிறது. இளகிய மண்ணில் விழுது எளிதில் இறங்கும். இறுகிய கரிசலில் அது இடர்ப்படுவதோடு, அறுவடையின்போது செடியைப் பிடுங்கினால் காய்கள் மண்ணிலேயே தங்கிவிடவும் கூடும். எனவே கரிசலை ஒட்டிக் கிடக்கும் செவல், அதாவது செம்மண் நிலங்களே கடலைக்கு மிகவும் ஏற்றவை. சுற்றுவட்டாரத்தில் கடலை கிடைப்பது மிட்டாய்த் தொழிலுக்குப் பெருந்துணை என்பது மெய். ஆனால் அதன் பெருமையில் பெரும்பங்கு மண்ணைவிட வறுப்பவர், பாகு காய்ச்சுபவர் ஆகியோரின் கைகளுக்கே உரியது.

முற்காலத்தில் இவ்வட்டாரத் திருவிழாக்களிலும் சந்தைகளிலும் விற்கப்பட்ட கடலைமிட்டாய் கருப்பட்டியால் செய்யப்பட்டது. பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்தெடுக்கும் கருப்பட்டிக்குப் பெயர்பெற்ற உடன்குடி இதே மாவட்டத்தில்தான் உள்ளது. கருப்பட்டியின் மணம் உயர்ந்தது. ஆயினும் மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுத்துக் கசியும் இயல்புடையது. அதனால்தான் வீடுகளில் அதனை அடுப்பின் புகை படும்படி பரணில் வைத்துக் காத்தனர். 1940-களில் கோவில்பட்டிக் கடைவீதியில் பலசரக்குக் கடை நடத்திய பொன்னம்பல நாடார், கருப்பட்டிக்கு மாற்றாகக் கரும்பு வெல்லத்தைக் கொண்டு மிட்டாய் செய்யத் தொடங்கினார். இம்மாற்றத்தோடு, திருவிழாவுக்குத் திருவிழா தலைகாட்டிய பண்டம் ஆண்டு முழுவதும் விற்கும் கடைச்சரக்காயிற்று. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே இருப்புப்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் ஊர் அமைந்திருந்ததால், வழிப்பயணிகள் அதனை வாங்கிச் சென்று வெளியூர்களுக்கு அறிமுகப்படுத்தினர். பின்னர் பலர் இத்தொழிலில் இறங்க, தீப்பெட்டித் தொழிலோடு மிட்டாயும் ஊரின் அடையாளமாயிற்று.

செய்முறையில் பக்குவங்கள் இரண்டு. முதலாவது வறுப்பு. குலுக்கினால் பருப்பு கலகலக்கும் அளவுக்குக் காய்ந்த காயை உடைத்து, பருப்பை மிதமான சூட்டில் சீராக வறுக்கின்றனர். சூடு குறைந்தால் பச்சை வாடை நிற்கும், மிகுந்தால் கசப்பேறும். ஆறியபின் தேய்த்துச் சுளகில் புடைக்கும்போது சிவந்த தோல் பறந்துபோக, இரு பாதிகளுக்கு நடுவிலுள்ள சிறு முளையும் உதிர்ந்து விலகுகிறது. அந்த முளை கசக்கும் என்பதால் அதனை நீக்குவதில் பழைய கடைக்காரர்கள் மிகவும் கண்டிப்பானவர்கள். உடைந்த பருப்பின் தட்டையான முகத்தில் பாகு நன்கு பற்றுவதால், முழுப் பருப்பைவிட உடைத்ததே ஏற்றது. இரண்டாவது பாகு. வெல்லத்தை நீரில் கரைத்து, கல்லும் தூசும் போக வடிகட்டி, நீர் ஏறத்தாழ முழுவதும் வற்றும்வரை காய்ச்சுகின்றனர். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு எடுத்தால் இழுபடாமல் 'பட்'டென்று ஒடியவேண்டும். ஒரு நொடி முன்னதாக இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், ஒரு நொடி பிந்தினால் தீய்ந்த மணம் வரும். இறக்கிய பாகில் பருப்பைக் கொட்டிக் கிளறிப் பலகையில் பரப்பி, உருளையால் சமப்படுத்தி, இறுகுமுன் கோடிட்டு வெட்டும் வேலைக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். ஏலமும் சுக்கும் சேர்ப்பது அவரவர் கைப்பாகம்.

கோவில்பட்டி வட்டார உற்பத்தியாளர் சங்கம் 2014-இல் அளித்த விண்ணப்பத்தின்பேரில், 2020 ஏப்ரல் 30 அன்று இப்பண்டத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. குறிப்பிட்ட ஊரோடு பிணைந்த தரமும் புகழும் உடைய பொருளின் பெயரைப் பிற இடத்தார் பயன்படுத்தாமல் காக்கும் சட்ட உரிமையே புவிசார் குறியீடு ஆகும்.

பழைய கருப்பட்டி மிட்டாயிலிருந்த, கடலையும் பனைச் சர்க்கரையும் சேர்ந்த சுவை கடலுக்கு அப்பால் வேறொரு வடிவம் கொண்டது. இந்தோனேசியாவின் சாவாத் தீவில் தோன்றி, மலாய்த் தீபகற்பம் வழியாகத் தாய்லாந்தை அடைந்த 'சாத்தே' என்பது குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி. தமிழின் 'சதை' என்ற சொல்லோடு அப்பெயரைத் தொடர்புபடுத்துவாரும் உளர். தாய்லாந்தில் அதற்குத் தொட்டுக்கொள்ளும் கடலைச் சாற்றில் தேங்காய்ப்பால், மிளகாய் மசாலா விழுது, புளி, மீன்சாறு, பனை அல்லது தென்னைச் சர்க்கரை ஆகியன சேர்கின்றன. அங்குள்ள பெட்சபுரி மாகாணம் பனஞ்சர்க்கரைக்குப் பெயர்பெற்றது என்பதால், உடன்குடிக் கருப்பட்டி அச்சாற்றுக்கு அயலான பொருளாகாது.

கரிசல் வீட்டு அடுக்களையிலும் அந்தக் கடலைச் சாற்றைச் செய்ய இயலும். கடலைத் துவையல் அரைக்கும் பழக்கமுள்ள கைக்கு அது புதிதன்று. மிட்டாய்க்கு வறுப்பதுபோலவே பருப்பை வறுத்து, தோலும் முளையும் நீக்கி, நெய்யாக அரையாமல் நறநறப்பு நிற்குமாறு இடித்துக்கொள்ளவேண்டும். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, மல்லி, சீரகம், கிடைத்தால் எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டு ஆகியவற்றை அரைத்து, கெட்டித் தேங்காய்ப்பாலில் சிறு தீயில் வதக்கி, கடலைப்பொடியையும் மீதித் தேங்காய்ப்பாலையும் சேர்த்துக் கிளறியபின், புளிக்கரைசலும் நுணுக்கிய கருப்பட்டியும் உப்பும் இடவேண்டும். மீன்சாறு இல்லாவிடில் உப்பே போதும். மிட்டாய்க்குப் பாகு ஒடியவேண்டும் என்றால், இதற்கு எண்ணெய் பிரியவேண்டும்: சிவந்த எண்ணெய் ஓரங்களில் கசிந்து மேலெழும்போது சட்டியை இறக்கிவிடலாம், ஆறும்போது சாறு இன்னும் இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாகவே இறக்குவது நல்லது.