குடிநோய் தீர்க்கும் தொண்டும் அதற்குரிய கல்வியும்

பாலக்காட்டினின்று பொள்ளாச்சி செல்லும் சாலையில் எலப்புள்ளி என்னும் ஊர் உளது. பனையும் வயலும் சூழ்ந்த இவ்வூரின் பெயர் 2025 ஜனவரியில் நாளிதழ்களில் பெரிதும் அடிபட்டது. ஆங்கு மதுபான ஆலை ஒன்று அமைக்கக் கேரள அமைச்சரவை முதற்கட்ட இசைவு அளித்ததும், நிலத்தடி நீர் என்னாகுமோ என ஊரார் கவலையுற்றுக் கிளர்ந்ததும் அன்பர்கள் அறிந்தவையே. ஆலை வேண்டுமா, வேண்டாவா என்னும் வழக்கில் நாம் ஈண்டுப் புகவில்லை. ஆலை எங்கே இருப்பினும் குடிப்பவன் நம் வீட்டில் அன்றோ இருக்கின்றான்? அவனை மீட்பவர் யாவர்? மீட்கும் முறையை அவர் எங்ஙனம் கற்றார்? இவ்வினாக்களுக்கு விடை கூறும் வரலாற்றையே நம் காலனிக் குடும்பங்களின்முன் வைக்க விழைகின்றோம்.

வரலாற்றினுள் புகுமுன் நம் பிழை ஒன்றை மறையாது கூறல் வேண்டும். பல்லாண்டுகட்கு முன், நம்மோடு பழகிய நண்பர் ஒருவர் நாள்தோறும் காலை முதலே குடிப்பவராயினார். அவரைத் திருத்துவோம் என்று நாம் சிலர் கூடினோம். மாரியம்மன் சந்நிதிக்கு அழைத்துச் சென்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வித்தோம். அவரும் சொல் தவறவில்லை. அன்றே குடியை அறவே விட்டார். மறுநாள் கை நடுங்கிற்று. மூன்றாம் நாள் அவர் மனைவியார் ஓடிவந்து, "அண்ணா, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கத்துகிறார், என்னையே யார் என்று கேட்கிறார்" என்று அழுதார். "வைராக்கியத்தைச் சோதிக்கிறது, தங்கச்சி, விபூதி பூசு, இரண்டு நாளில் தெளியும்" என்று நாம் விடையளித்தோம். அன்றிரவு வலிப்புக் கண்டது. மருத்துவமனை சேருமுன் உயிர் பிரிந்தது.

நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை அறிவு மயங்கி, இல்லாதன கண்ணுக்குத் தோன்றலாம். மருத்துவம் இன்றேல் உயிர்க்கே இடர் நேரும். இதனை நாம் பின்னரே அறிந்தோம். நம் நெஞ்சில் அன்பு குறைவின்றி இருந்தது. இல்லாதது பயிற்சி ஒன்றே. அக்குறையே இக்கட்டுரைக்கு வித்து.

தமிழர்க்குக் குடியின் தீமை புதிதாகக் கற்பிக்க வேண்டுவதன்று. கள்ளுண்ணாமைக்கெனத் திருவள்ளுவர் 93 ஆம் அதிகாரத்தையே வகுத்தார். குடித்து மயங்கியிருப்பவனிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்பதும் அவ்வதிகாரத்து அறிவுரையே. இற்றைப் பயிற்சியாளரும் தம் மாணாக்கர்க்கு இதனையே சொல்லுகின்றனர்.

நம் காலத்துக்கு அணித்தே வருவோம். 1925 இல் இராஜாஜி திருச்செங்கோட்டிற்கு அருகே காந்தி ஆசிரமம் நிறுவினார். ஆங்கிருந்து 1929 இல் "விமோசனம்" என்னும் மதுவிலக்கு இதழ் வெளிவந்தது. கல்கி அதற்குத் துணைநின்றார். இஃது உரையாலும் எழுத்தாலும் மனத்தை மாற்ற முயன்ற காலம். அடுத்துச் சட்டத்தின் காலம் பிறந்தது. 1937 அக்டோபர் 1 ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் விலக்குப் பரவிற்று. பாலக்காடு அன்று அம்மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தமையால், இப்பகுதிக்கும் அச்சட்டம் உரியதாயிற்று. 1956 இல் கேரளம் பிறந்தது. 1967 இல் இங்கு விலக்கு நீங்கிற்று. தமிழ்நாட்டில் 1971 இல் நீங்கிற்று. கேரளத்தில் 1996 ஏப்ரல் 1 முதல் சாராயத்திற்கு மட்டும் தடை வந்தது.

இவ்வாறு கதவு மூடுவதும் திறப்பதுமாகக் காலம் கழிந்தது. மூடிய நாளில் பல குடும்பங்கள் நன்மை எய்தியிருக்கலாம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் கடை மூடிய மறுநாள் கை நடுங்குபவனுக்கு என்ன செய்வது என்பதைப் பிரசாரகரும் கற்றிலர், காவலரும் கற்றிலர். அக்கல்வி வேறோர் இடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

அமெரிக்க நாட்டில் 1935 இல், குடியினின்று மீண்ட இருவர் ஒருவர்க்கொருவர் துணையாக நின்று ஒரு கூட்டுறவைத் தொடங்கினர். அதுவே பெயர் வெளியிடாக் குடிநோயர் கூட்டமைப்பாக உலகெங்கும் பரந்தது. 1943 இல் யேல் பல்கலைக்கழகம் குடிப்பழக்கத்தைப் பற்றிய கோடைப் பள்ளி ஒன்றைத் திறந்தது. மினசோட்டா மாநிலத்தில் ஒரு புதுமை நிகழ்ந்தது. வில்மர் என்னும் ஊரின் அரசு மருத்துவமனையில், குடியை விட்டு மீண்டவர்களையே நோயாளிகளின் ஆலோசகராக அமர்த்தினர். 1954 இல் அம்மாநில அரசு அதனை முறையான உத்தியோகமாகவே ஏற்றது. கல்லூரிப் பட்டம் அதற்கு வேண்டப்படவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய நம்போன்றார்க்கு இச்செய்தி ஊக்கமளிப்பதன்றோ? அதே மாநிலத்தில் 1949 இல் தோன்றிய ஹேசல்டன் நிலையம் இம்முறையை மேலும் வளர்த்தது.

அங்குப் பெற்ற கல்வியைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தவர் ஒரு பெண்மணி. சென்னையின் புகழ்பெற்ற டி.டி.கே. குடும்பத்து மருமகளாகிய சாந்தி ரங்கநாதன், தம் கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிநோய்க்கு 1979 இல் பறிகொடுத்தார். செல்வம் இருந்தும் சிகிச்சைக்கு இந்நாட்டில் தக்க இடம் இல்லாத காலம் அது. அவர் துயரில் அமிழ்ந்துவிடவில்லை. ஹேசல்டன் சென்று பயின்று திரும்பினார். 1980 இல் கணவர் பெயரால் மருத்துவ ஆராய்ச்சி அறநிலையத்தை நிறுவினார். 1987 இல் அதற்கு மருத்துவமனையும் எழுந்தது. நகரத்திற்கு வர இயலாத ஏழை உழவர்க்காகத் திருவாரூர்ப் பகுதியின் மஞ்சக்குடியில், ஊரிலேயே முகாம் அமைத்துச் சிகிச்சை தரும் முறையும் வளர்ந்தது. பிற நிலையங்களின் ஊழியரைப் பயிற்றும் பள்ளியாகவும் அவ்வறநிலையம் விளங்கிற்று. 1992 இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். தம் வீட்டுத் தீயை அணைக்க இயலாத ஒருவர், பிறர் வீட்டுத் தீயை அணைக்க ஆயிரம் கைகளைப் பழக்கினார் என்க.

அரசும் வாளாவிருக்கவில்லை. 1985 இல் போதைப்பொருள் சட்டம் பிறந்தது. அதனை ஒட்டித் தொண்டு நிறுவனங்கட்கு மத்திய அரசு நிதி வழங்கத் தொடங்கிற்று. 1988 இல் தில்லி எய்ம்ஸ் மருத்துவ நிறுவனத்தின்கீழ்த் தனிச் சிகிச்சை மையமும், 1998 இல் ஊழியர்க்குப் பயிற்சி அளிக்கத் தேசிய மையமும் தோன்றின. 2009 இல் கொழும்புத் திட்ட அமைப்பு, போதைநோய்த் தொண்டர்க்குப் பாடமும் தேர்வும் சான்றிதழும் வகுக்கும் மையம் ஒன்றை நிறுவிற்று. கேரளம் 2016 இல் "விமுக்தி" இயக்கத்தைத் தொடங்கிற்று.

பயிற்சியில் கற்பிப்பன யாவை? குடியின் அளவை அறிய உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த பத்து வினாக்களைச் சினமூட்டாது கேட்பது முதற்பாடம். எவரை வீட்டிலிருந்தே தேற்றலாம், எவரை உடனே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும் என்று பிரித்தறிதல் இரண்டாவது. கேட்டதை வெளியிடாமை, மனைவி மக்களின் துயரையும் கேட்டல், ஒருமுறை மீண்டும் குடித்தவனைக் கைவிடாது, வழுக்கியது எவ்விடத்தில் என ஆராய்தல் ஆகியன பின்வருவன. பழிப்பதும் கெஞ்சுவதும் விடுத்து, அவன் வாயாலேயே அவன் விருப்பத்தை வெளிக்கொணர்வது இவற்றுள் அரியதாகும். நம் நண்பரின் மனைவி ஓடிவந்த அன்று, இவற்றுள் இரண்டாம் பாடத்தை மட்டும் அறிந்த ஒருவர் காலனியில் இருந்திருப்பின், அவ்வீட்டின் விளக்கு அணைந்திராது.

2019 இல் எய்ம்ஸ் மையம் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பு ஓர் உண்மையைக் கூறுகின்றது. மதுவிற்கு அடிமைப்பட்டோர் 38 பேரில் ஒருவர்க்கே ஏதேனும் சிகிச்சை கிடைத்துள்ளது. எஞ்சிய 37 பேரும் நம்மைப் போன்றாரின் கற்பூரச் சத்தியத்தையே நம்பியிருத்தல் தகுமோ?

நம் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் ஒருவரும் பயிற்சியின்றித் தண்டவாளத்தில் கை வைக்க விடப்படுவதில்லை. ஒரு கைப்பிழையால் நூறு உயிர் போகும் என்பது நமக்குத் தெரியும். மனிதனை வழி மாற்றிவிடும் பணி அதனினும் எளியதோ? ஆகவே நம் சங்கம் ஆண்டுதோறும் உறுப்பினர் இருவரை, அவருள் ஒருவர் பெண்ணாக, இத்தகைய பயிற்சிக்கு அனுப்பிவைத்தல் வேண்டும் என முன்மொழிகின்றோம். அதுவரை, குடியை விட விழைவார் எவரையும் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். 14446 என்னும் தேசிய உதவி எண்ணை ஒவ்வொரு வீட்டு நாட்காட்டியிலும் குறித்துவைப்போம்.

அந்நண்பரின் மனைவியார் தம் மக்களோடு ஊர் திரும்பும் நாளில் நம்மை ஒரு சொல்லும் குறைகூறவில்லை. "அண்ணா, உங்களுக்கும் தெரியாதே" என்று மட்டும் கூறினார். இனியொரு தங்கை நம்மிடம் அவ்வாறு கூற நேரா வண்ணம் கற்போமாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!