சினம் ஒழுங்காகுமா?
2003 பிப்ரவரியில் ஆர்சனலிடம் 2-0 எனத் தோற்றபின், மான்செஸ்டர் யுனைடெட் மேலாளர் அலெக்ஸ் பெர்குசன் உடைமாற்றும் அறையில் சினத்துடன் உதைத்த காலணி, டேவிட் பெக்காமின் புருவத்தருகே காயப்படுத்தியது. பெக்காம் அக்கோடையிலேயே ரியல் மாட்ரிட் சென்றார். பெர்குசன் 2013 வரை பதவியில் நீடித்தார்.

2012 மே மாதம் இத்தாலியில், 32ஆம் நிமிடத்தில் மாற்றப்பட்டு ஏளனமாகக் கைதட்டிய அடெம் லியாயிச்சைப் பியோரென்டினா பயிற்றுநர் டெலியோ ரோசி தாக்கினார். அன்றிரவே பதவியிழந்தார்.

முன்னது குறிவையாமல் பட்டது. பின்னது குறிவைத்த அடி. எனினும், முன்னவரைக் காத்தவை வெற்றிகளும் மூடிய கதவும் என்றே நாம் கருதுகிறோம். அபராதம் விதிக்கவும் அணியிலிருந்து நீக்கவும் அதிகாரம் பெற்றவர் கையோங்குவது ஒழுங்கன்று. தம்மை ஆளத் தெரியாமையே. கோப்பைகள் அதனை நியாயமாக்கிவிடா.