அடித்த வரிகளின் வரலாறு

சென்ற கோடையில் திண்டுக்கல் நாகல் நகரில், காலமான ஒரு பஜனைப் பாடகரின் வீட்டில் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று நம் கைக்குக் கிடைத்தது. மறுநாள் பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகவிருந்தது அது. ஒரு பக்கத்தில் தியாகராசர் கீர்த்தனை ஒன்றின் சுரவரி அடிக்கப்பட்டு, மேலே வேறு மையில் இன்னொன்று எழுதப்பட்டிருந்தது. பிழையைத் திருத்தினாரா, புதிதாக ஒன்றைக் கண்டடைந்தாரா? ஏட்டுச் சுவடிகளின் பாடபேதங்களில் உழன்று பழகிய நமக்கு இந்தக் கேள்வி எளிதில் விலகவில்லை.

மேலை நாட்டில் இத்தகைய கேள்விக்கு விடை தேடவே ஒரு துறை உண்டு. பேத்தோவன் எதையும் ஒரே வீச்சில் எழுதியவரல்லர். குறிப்பேடு குறிப்பேடாக எழுதி, அடித்து, மீண்டும் எழுதியவர். அவருடைய மூன்றாம் சிம்பொனியான 'ஈரோயிகா' பெரும்பாலும் 1803இல் உருவானது. அதற்கான குறிப்பேட்டை ஆராய்ந்து 1880இல் நூலாக்கினார் குஸ்தாவ் நோட்டபோம். முதற்பகுதியின் தொடக்கத்தைப் பேத்தோவன் நீண்ட வரைவுகளாகத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்திருப்பது அதில் தெரிகிறது. சுவையான செய்தி வேறொன்று. அப்பகுதியில், முதற்கருப்பொருள் திரும்பி வருவதற்குச் சற்று முன்பே கொம்பு வாத்தியம் அதைத் தொடங்கிவிடும். ஒத்திகையில் இதைக் கேட்ட மாணவர் ரீஸ், வாசித்தவர் தவறிவிட்டார் என்று வாய்விட்டுச் சொல்லி, குருவிடம் அறை வாங்காத குறையாகத் தப்பினாராம். பின்வந்தோரிலும் சிலர் அதைப் பிழை என்றே கருதினர். குறிப்பேடோ அந்த எண்ணம் தொடக்கத்திலேயே பேத்தோவனுக்கு இருந்ததைக் காட்டிவிட்டது. அக்குறிப்பேடு இரண்டாம் உலகப்போரின்போது பெர்லினை விட்டு அகன்று, பல்லாண்டுகளுக்குப் பின் போலந்தின் கிராக்கோவ் நகர நூலகத்தில் இருப்பது தெரியவந்தது தனிக்கதை.

நம் பக்கம் திரும்புவோம். தியாகராசர் (1767–1847) இத்தகைய வரைவேடு எதையும் நமக்கு விட்டுச் செல்லவில்லை. அவர் பாட, மாணாக்கர் கற்றனர், எழுதினர். அவர்களுள் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் காத்த சுவடிகளும் தாள்படிகளும் மதுரை சௌராஷ்டிர சபையை வந்தடைந்தன. இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம்தான். உமையாள்புரம், தில்லைஸ்தானம் ஆகிய பிற மாணவ மரபுகளின் பாடாந்தரங்களோடு இவற்றை ஒப்பிடுவோர் ஒரே கீர்த்தனைக்கு வேறு இராகப் பெயரையும், சங்கதிகளில் கூடுதல் குறைவையும் காண்கின்றனர்.

இங்குதான் நமக்கு ஓர் ஐயம். பேத்தோவனின் ஏட்டில் தெரிவது ஒரே மனத்தின் வளர்ச்சி. நம் ஏடுகளில் தெரிவது மூன்று நான்கு தலைமுறைகளின் வளர்ச்சி. ஒரு சங்கதி குருவுடையதா, சீடருடையதா என்று பிரிக்கும் கருவி நம்மிடம் இல்லை. 'மூலபாடம்' என்ற சொல்லை இசையில் நாம் சற்று அவசரமாகவே பயன்படுத்துகிறோம் என்று தோன்றுகிறது.

எழுதி வைக்கும் ஆவல் நம்மவர்க்கு இல்லாமலில்லை. சென்னையில் சின்னசாமி முதலியார் 1893இல் கீர்த்தனைகளை ஐரோப்பியச் சுரக்குறிகளில் அச்சிட்டார். அவர் தூண்டுதலும் சேர்ந்தே எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் வெளிவந்தது. 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், 1870களில் ஆசிரியப் பயிற்சிக்கு வந்து தங்கியது நம் திண்டுக்கல்லில்தான். சடையாண்டிப் பத்தரிடம் அவர் பிடில் கற்றதும் இவ்வூரில்தான். இதை அறிந்த மாணவரை நம் வகுப்பறையில் அரிதாகவே கண்டிருக்கிறோம்.

ஆனால் இவர்கள் அச்சிட்டவையெல்லாம் முடிந்த வடிவங்கள். அடித்த வரிகள் அச்சேறவில்லை. 2022இல் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் மதிப்புறு முனைவர் பட்டம் பெற்ற இளையராஜா, தம் கைப்பட எழுதிய சிம்பொனியை 2025 மார்ச்சில் இலண்டனில் அரங்கேற்றினார். அதன் வரைவுத்தாள்கள் இருக்குமாயின், தெளிந்த படியைவிட அவற்றையே நாம் முதலில் கேட்போம்.

நாகல் நகர் நோட்டு இப்போது நம் மேசையில் இருக்கிறது. அடித்த வரியை வயலின் அறிந்த நண்பர் ஒருவர் வாசித்துக் காட்டினார். பிழை ஏதும் இல்லை, இராகத்துக்குள்ளேதான் இருக்கிறது. இரண்டு மைகளில் எது முந்தியது என்பதை அவருடைய மகளிடம் கேட்டிருக்கிறோம்.