மூடிய பருத்திக்கு வந்த பணம்

1933 கோடையில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் விளைந்து நின்ற பருத்தியை உழுது மூடச் சொன்னது அரசு. 1929இல் பவுண்டுக்குப் பதினாறு சென்ட்டுக்கு மேல் போன பருத்தி, மூன்றே ஆண்டுகளில் ஆறு சென்ட்டுக்கு இறங்கியிருந்தது. விளைச்சல் குறைந்தால் விலை ஏறும் என்று கணக்குப் போட்டார்கள். சுமார் ஒரு கோடி ஏக்கர் மண்ணுக்குள் போனது. செடியை மிதிக்காமல் நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள் ஏர் பூட்டியும் மிரண்டனவாம்!

மூடியதற்கு அரசிடமிருந்து பணம் வந்தது. யாருக்கு என்பதில்தான் சிக்கல்.

அர்கன்சாவின் பாயின்செட் கவுண்டியில் நிலம் பெருந்தோட்டக்காரர்களிடம், உழைப்பு வாரக்குடிகளிடம். அரசுடனான 1934, 1935 ஒப்பந்தப்படி தரிசு போட்ட நிலத்துக்குப் பவுண்டுக்கு நாலரை சென்ட் உதவி. அதில் வாரக்குடிக்கு அரை சென்ட், மீதி நாலும் நிலக்காரருக்கு. அந்த அரை சென்ட்டும் நிலக்காரர் கை வழியாகவே வரவேண்டும். பழைய கடன் என்று பிடித்துக்கொள்ள அது போதாதா? சாகுபடி சுருங்கியதும் ஆளும் மிச்சம். குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

1934 ஜூலையில் டைரன்சா ஊரருகே ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டுப் பேர் கூடித் தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். பதினொருவர் வெள்ளையர், எழுவர் கறுப்பர். இனப் பிரிவினை சட்டமாகவே இருந்த மண்ணில் இது சாதாரணத் துணிச்சல் அல்ல. முன்னின்ற இருவரில் எச். எல். மிட்செல் சலவைக்கடைக்காரர், கிளே ஈஸ்ட் பெட்ரோல் பங்க் நடத்தியவர்.

குடிகளை வெளியேற்றக் கூடாது என்று ஒப்பந்தத்துக்கு விளக்கம் எழுதிய வேளாண் துறை வழக்கறிஞர்கள் 1935 பிப்ரவரியில் வேலையிழந்தார்கள். நிலக்காரர்களின் காசோலைக்கு எந்தக் குறையும் வரவில்லை.