நூல் களைதல்: ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரக் கல்லூரி நூலகங்கள்

நூல் களைதல் என்பது காலங்கடந்த நூல்களையும் சிதைந்த நூல்களையும் தேவைக்கு மிஞ்சிய படிகளையும் நூலக இருப்பிலிருந்து முறைப்படி நீக்கும் பணி. நூல் வாங்குவதைப் போலவே இதுவும் நூலகரின் பொறுப்பு. சீர்காழியில் பிறந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் கடைசி விதியில் நூலகத்தை வளரும் உயிரி என்றார். புதியதற்கு இடமளிக்கப் பயனற்றதைக் கழிக்க வேண்டும் என்று வாதிடுவோர் இவ்விதியையே அடிப்படையாகக் காட்டுவர்.

தொழில் வட்டாரத்தின் தேவை

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரில் 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் உருவானது. அசோக் லேலண்ட், டைட்டன் ஆலைகளும் அந்தப் பத்தாண்டில் வளர்ந்தன. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி 1994-இல் தொடங்கியது. அக்காலத்தில் அச்சான பாடநூல்களுக்கு இன்று முப்பது வயது கடந்துவிட்டது.

இந்த முப்பது ஆண்டுகளில் பாடப்பொருளே மாறிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்ததும், பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் இன்ஜெக்‌ஷன் பிடித்தது. அடுத்த ஆண்டே ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர் ஆலைகள் இயங்கத் தொடங்கின. கார்புரேட்டரோடு நின்றுவிடும் வாகனவியல் நூலை மட்டும் படித்துவிட்டு அந்த ஆலைகளில் வேலைக்குச் செல்லும் டிப்ளமோ மாணவர் தடுமாறுவார்.

மற்றத் துறைகளிலும் இதே நிலைதான். கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐஎஸ் 456 தர விதி 2000-இல் திருத்தப்பட்டதால் 1978-ஆம் ஆண்டு விதியைப் பின்பற்றும் வடிவமைப்பு நூல்கள் செல்லாமல் போயின. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது மாநில எல்லைகளிலிருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. விற்பனை வரி, கலால் வரிப் பாடநூல்களில் பெரும்பகுதி வரலாறாயிற்று. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது.

அளவுகோல்கள்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1969-இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு முதல் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று 1979-இல் வெளியான ஆய்வு காட்டியது. டெக்சஸில் 1976-இல் உருவான கிரூ (CREW) என்னும் களைதல் முறையோ நூலின் வயது, பயன்பாடு, உள்ளடக்கத்தின் நம்பகத்தன்மை, பௌதிக நிலை ஆகியவற்றைச் சேர்த்து எடைபோடுகிறது. இரவல் கணக்கை மட்டும் நம்புவது ஆபத்து; நூலகத்திலேயே உட்கார்ந்து படிக்கப்படும் நூல் அக்கணக்கில் வராது. திமொஷென்கோவின் பொருள் வலிமையியல் நூலைப் போன்ற அடிப்படை ஆக்கங்களை வயது தீண்டுவதில்லை.

நடைமுறை

நூலகர் தயாரிக்கும் பட்டியலைத் துறைத் தலைவர்கள் பார்த்து, வேண்டியதை மீட்டெடுப்பர். பிறகு நூலகக் குழுவும் முதல்வரும் ஒப்புதல் தர வேண்டும். நீக்கிய நூலின் சேர்க்கை எண்ணை வேறு நூலுக்குத் தருவதில்லை. பதிவேட்டில் ஆணை எண்ணும் தேதியும் எழுதப்படும். மத்திய அரசு நிறுவனங்களுக்கான 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், 20,000 நூல்கள் வரை உள்ள நூலகங்களில் ஆண்டுதோறும் முழு இருப்புச் சரிபார்ப்பை வலியுறுத்துகின்றன. களைதலுக்குத் தகுந்த நேரமும் அதுதான்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ), தலைப்புகளுக்கும் படிகளுக்கும் எண்ணிக்கை வரையறுக்கிறது. எண்ணிக்கை குறைந்துவிடுமே என்ற அச்சத்தில் செல்லாத நூல்களும் அலமாரியில் தங்கிவிடுகின்றன. தணிக்கையில் கேள்வி எழும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

நீக்கக் கூடாதவை

ஓசூர் 1965 வரை சேலம் மாவட்டத்திலும், பின்னர் 2004 வரை தருமபுரி மாவட்டத்திலும் இருந்தது. ஆகவே இவ்வட்டாரத்தின் பழைய வரலாறு லெ ஃபானுவின் 1883-ஆம் ஆண்டுச் சேலம் மாவட்டக் கையேட்டிலும், ரிச்சர்ட்ஸின் 1918-ஆம் ஆண்டு கெஜட்டியரிலும் கிடக்கிறது. கிருஷ்ணகிரி என்ற பெயரை மட்டும் தேடி அலமாரியைச் சலிப்பவர் இவற்றைக் கவனிக்காமல் தள்ளிவிடக்கூடும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர் என்பதால் கன்னட, தெலுங்கு நூல்களையும் படிப்பார் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

பாடநூலின் பத்துப் படிகளையும் கழித்தாலும், வேறொரு படியைச் சென்னை கன்னிமாரா நூலகம் போன்ற இடங்களில் தேட வாய்ப்பு உண்டு. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய வெளியீடுகளின் படிகள் அங்கு சேர்கின்றன. உள்ளூர்க் கல்லூரி மலர், வட்டார வரலாற்றுக் குறுநூல் போன்றவற்றுக்கு அந்த உறுதி இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்துவைத்த பழைய நூல்களும் துண்டு வெளியீடுகளும்தான் 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமாயின.

அடிப்படை ஆக்கங்கள் தவிர்த்த தொழில்நுட்பம், சட்டம், வரி நூல்களை வெளியான ஆண்டு பார்த்துக் கழிக்கலாம். வட்டார நூலை எடைக்குப் போடுவதற்கு முன், அதன் வேறொரு படி எந்த நூலகத்தில் இருக்கிறது என்று நூலகர் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.