ஹ்மோங் பூத்துணி: பாவாடையிலிருந்து சோபா வரை

தாய்லாந்தின் சியாங் மாய் சந்தையிலும் வடக்கு வியட்நாமின் சா பா கடைத்தெருவிலும் விற்கும் நீலநிறக் குஷன் உறைகளில் பல, ஒரு காலத்தில் பாவாடைகளாக இருந்தவை. ஹ்மோங் பெண்ணொருத்தி பல மாதம் உழைத்துச் செய்த கொசுவப் பாவாடையைப் பிரித்து, மடிப்பை நீவி, சதுரமாக வெட்டிப் பின்புறம் ஜிப் வைத்துத் தைத்தால் குஷன் உறை தயார். துணி வெளுத்திருந்தால் விலை கூடும். உடுத்தியவளுக்கு அது பழசு, வாங்குபவருக்கோ அதுதான் அழகு.

ஹ்மோங் மக்களின் பூர்வீகம் சீனாவின் தென்மேற்கு மலைகள். சீன அரசு அவர்களை மியாவ் என்ற பெரிய பிரிவுக்குள் அடக்கியிருக்கிறது. கிளர்ச்சிகளும் அவற்றை அடக்க வந்த படைகளும் வரிச்சுமையும் நெருக்க, 19ஆம் நூற்றாண்டில் அவர்களில் ஒரு பகுதியினர் மலைமுகடுகள் வழியே தெற்கே நகர்ந்து வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து மலைகளில் குடியேறினார்கள். அவர்களது தையல் வேலைக்குப் பாண்டாவ் என்று பெயர். ‘பா’ என்றால் பூ, ‘ண்டாவ்’ என்றால் துணி. சீனர்கள் ஹ்மோங் எழுத்தைத் தடைசெய்தபோது பெண்கள் அதைத் துணி வடிவங்களில் ஒளித்துவைத்தார்கள் என்றொரு கதை ஹ்மோங் மக்களிடையே உண்டு. சான்று இல்லாத கதைதான். ஆனாலும் 1950கள் வரை பரவலான எழுத்துமுறை இல்லாதிருந்த ஒரு சமூகம் தன் துணியைப் பார்த்த விதம் அதில் தெரிகிறது.

பாவாடைத் துணி கஞ்சாச் செடியின் தண்டு நாரில் நெய்யப்பட்டது. போதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாருக்கென்றே நெருக்கமாக விதைத்து, ஆளுயரத்துக்கும் மேல் வளரவிட்டு அறுப்பார்கள். காய்ந்த தண்டிலிருந்து நாரை உரித்து, ஒன்றின் நுனியோடு இன்னொன்றை விரலால் முறுக்கி நீட்டிக்கொண்டே போக வேண்டும். வயலுக்கு நடக்கும்போதும் சந்தையில் பேசிக்கொண்டிருக்கும்போதும் இந்த வேலை கையில் ஓடிக்கொண்டேயிருக்கும். நூலைச் சாம்பல் கலந்த நீரில் வேகவைத்து வெளுத்து, குறுகிய அகலத்தில் நெய்வார்கள். தறியை விட்டு வரும் துணி முரடாக இருக்கும். அதை மர உருளையின்மேல் போட்டுத் தட்டைக் கல்லொன்றை மேலே வைத்து, கல்லின் இரு முனையிலும் கால் பதித்து ஏறி நின்று, நெய்தவள் இடமும் வலமுமாகச் சாய்ந்தாடுவாள். அவள் உடல் எடைதான் இஸ்திரி. ஆடி முடித்தால் துணி வழவழப்பாகி மெழுகு ஏற்கத் தயாராகும்.

மெழுகுக் கோலம் நீல ஹ்மோங், பச்சை ஹ்மோங் எனப்படும் கிளையினரின் கைத்திறன். மூங்கில் பிடியில் சிறு செப்புத் தகடுகளைச் செருகிய கருவியை, தணலோரம் உருகிக்கொண்டிருக்கும் தேன்மெழுகில் தோய்த்துத் துணியில் கோடு இழுப்பார்கள். தகடுகளின் இடுக்கில் மெழுகு தங்கி, இங்க் பேனாபோலச் சீராக இறங்கும். வளைகோடு குறைவு, நேர்கோடும் கட்டமும் அதிகம். பிறகு அவுரித் தொட்டியில் நனைப்பதும் காற்றில் உலர்த்துவதும் மாறி மாறி நடக்கும். நீலம் போதிய அளவு ஏறியதும் கொதிநீரில் போட்டால் மெழுகு உருகி நீங்கி, அது இருந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடாகத் தெரியும். அதன்மேல் சிவப்புத் துணிக் கீற்றுகளும் குறுக்குத் தையலும் ஏறும்.

வெள்ளை ஹ்மோங் பெண்களின் சிறப்பு வேறு. இரண்டு துணிகளை அடுக்கி, மேல்துணியைக் கத்தரியால் கீறி, கீறிய ஓரத்தை ஊசிமுனையால் உள்ளே தள்ளி மடித்துத் தைப்பார்கள். அடித்துணியின் நிறம் மெல்லிய கோடாக வெளியே தெரியும். கோடு தடிக்காமலிருக்க மடிப்பு ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும், தையல் கண்ணில் படவும் கூடாது. நத்தைச் சுருள், யானைக்கால், ஆட்டுக்கொம்பு, வெள்ளரி விதை என்று வடிவங்களுக்குப் பெயருண்டு. மனித உருவம் கிடையாது. குழந்தையை முதுகில் கட்டும் துணி, கழுத்துப்பட்டையின் பின்மடிப்பு, புத்தாண்டு உடை, இறந்தவரின் உடை என எல்லாமே உடம்போடு சேர்ந்தவை. சுவரில் மாட்டவோ கட்டிலில் விரிக்கவோ யாரும் பாண்டாவ் தைத்ததில்லை.

அதை மாற்றியது போர். 1961 முதல் அமெரிக்காவின் சிஐஏ, லாவோஸ் மலைகளில் வாங் பாவ் என்ற ஹ்மோங் தளபதியின் கீழ் ரகசியப் படையொன்றை நடத்தியது. 1975 மே மாதம் அந்தப் பக்கம் தோற்றதும், பழிவாங்கலுக்கு அஞ்சிய ஹ்மோங் குடும்பங்கள் மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்குள் ஓடின. மூங்கிலையும் டயர் டியூபையும் பிடித்துக்கொண்டு நீந்தியவர்களில் பலர் கரை சேரவில்லை. லோய் மாகாணத்தின் பான் வினாய் முகாமில் 1980களின் நடுவில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். உழ நிலமில்லை, கையில் ஊசி மட்டும் இருந்தது. தொண்டு நிறுவனங்கள் துணியும் நூலும் கொடுத்து, தைத்ததை வெளிநாட்டில் விற்றுத்தரத் தொடங்கின. பாண்டாவ் பணப்பண்டமானது அங்கேதான்.

வாங்குபவரின் வீடு இப்போது துணிக்குள் நுழைந்தது. ஹ்மோங் கண்ணுக்குப் பிடித்தவை பளீரென்ற இளஞ்சிவப்பு, பச்சை, ஆரஞ்சு. அமெரிக்க வரவேற்பறையின் சோபாவுக்கும் திரைச்சீலைக்கும் அவை ஒத்துவராது என்று தொண்டு நிறுவனத்தினர் சொல்லி, பழுப்பு, மங்கிய நீலம், மெரூன் நூல்களைத் தந்தார்கள். வடிவம் குஷன் உறைக்கும் மேசை விரிப்புக்கும் கட்டில் விரிப்புக்கும் ஏற்ற அளவுக்கு மாறியது. பழைய வேலையில் இல்லாத மனித உருவங்களும் வந்தன. 1970களின் பிற்பாதியில் முகாம்களில் பிறந்த கதைத்துணிகளில் ஆண்கள் படம் வரைய, பெண்கள் நூலால் நிரப்பினார்கள். மேலே விமானம், நடுவே காட்டுவழி, கீழே ஆற்றில் தத்தளிக்கும் குடும்பம், ஓரத்தில் பற்களைப்போல முக்கோண வரிசை. பிழையான ஆங்கிலத்தில் விளக்க வரிகள்கூட உண்டு. அந்நிய வாங்குபவருக்காகத் தொடங்கிய இந்த வகை, ஹ்மோங் அகதி வரலாற்றின் தலையாய ஆவணமாகிவிட்டது. சந்தைக்கென்று செய்தது போலி என்று ஒதுக்கும் பழக்கமுள்ளவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் குடியேறியவர்கள் மின்னசோட்டா, கலிபோர்னியா, விஸ்கான்சின் மாநிலங்களில் திரண்டார்கள். முகாமிலிருந்த உறவினர் தைத்தனுப்பியதைச் சந்தைகளில் விற்றார்கள். பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் வட்டாரத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். மின்சாரத்தையும் காரையும் விலக்கி வாழும் ஆமிஷ் என்ற கிறித்தவப் பிரிவினர் அங்கே இருக்கிறார்கள். இரு துணிகளுக்கு நடுவே பஞ்சடைத்து ஓட்டுத் தையலால் இணைத்த அவர்களுடைய கில்ட் போர்வைகள் புகழ்பெற்றவை. 1971இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்கக் கில்ட்களை நவீன ஓவியங்களைப்போலச் சுவரில் தொங்கவிட்டுக் கண்காட்சி நடத்தியது. அதன்பின் கில்ட்களுக்கு மவுசு ஏறியது. லான்காஸ்டருக்குச் சுற்றுலாப் பயணிகள் குவிய, ஆமிஷ் பெண்களின் கை மட்டும் போதவில்லை.

1980களில் அந்த வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள் ஹ்மோங் பெண்கள். அப்போது சந்தை கேட்டது, பூவும் பறவையும் வெட்டித் துணிமேல் ஒட்டித் தைக்கும் வேலை. ஓரத்தை ஊசிமுனையால் மடித்து மறைப்பது ஹ்மோங் பெண்ணுக்குச் சிறுவயதுப் பாடம். மேல்துணியை அவர்கள் தைக்க, பஞ்சு வைத்து இணைப்பதை ஆமிஷ் பெண்களும், அவர்களுக்கு நெருங்கிய மென்னோனைட் என்ற கிறித்தவப் பிரிவின் பெண்களும் செய்தார்கள். நாளடைவில் முழுப் போர்வையையுமே ஹ்மோங் பெண்கள் தைக்கத் தொடங்கினார்கள். கடையில் அது ‘லான்காஸ்டர் கைவேலை’. அந்தப் பெயரில் பொய்யில்லை. ஆனால் வாங்குபவர் மனத்தில் தோன்றும் ஆமிஷ் பாட்டியை யாரும் திருத்தவில்லை. ஆமிஷ் மக்களும் கில்ட் கலையைப் பக்கத்து ஊர்க்காரர்களிடம் 19ஆம் நூற்றாண்டில் கற்றவர்களே என்பதால், யாருடைய மரபு இது என்ற கேள்விக்கு எளிய பதில் கிடையாது.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் தன் சேகரிப்பிலுள்ள பழைய கில்ட்களின் நகல்களைச் சீனாவில் தைத்து விற்க உரிமம் கொடுத்தது. அமெரிக்கத் தையல்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். மலிவு இறக்குமதி வந்தபின், துண்டுக் கணக்கில் கூலி பெற்றவர்களின் நிலை இறங்கியது. அதே காலத்தில், பாண்டாவ் பணப்பண்டமாகத் தொடங்கிய பான் வினாய் முகாமும் 1992இல் மூடப்பட்டது.

வியட்நாமின் ஹா ஜாங் மலைகளில் வேறொரு போக்கு உருவானது. லுங் தாம் கிராமத்துக் கூட்டுறவில் ஹ்மோங் பெண்கள் நார் உரிப்பதிலிருந்து மெழுகுக் கோலம் வரை தாங்களே செய்து, பைகளோடு குஷன் உறைகளையும் விரிப்புகளையும் விற்கிறார்கள். பழைய பாவாடையை அங்கே வெட்டுவதில்லை, வீட்டுத் துணிக்கென்றே புதிதாக நெய்கிறார்கள்.

ஹ்மோங் பெண்களில் பலரும் இப்போது உடுத்துவது சீன ஆலைகளில் அச்சான பாலியெஸ்டர் பாவாடை. மெழுகுக் கோடுகள் அதில் அச்சாகவே வருகின்றன, கொசுவத்தையும் இயந்திரமே அழுத்திவிடுகிறது. முகாமில் தவிர்க்கச் சொன்ன இளஞ்சிவப்பும் பச்சையும் புத்தாண்டு விழாக்களில் அந்தப் பாவாடைகளில் பளபளக்கின்றன. சவ அடக்கத்துக்கு மட்டும் மரபைப் பேணுவோர் பாலியெஸ்டரை ஏற்பதில்லை. நார்த்துணி உடுத்திப் போனால்தான் முன்னோர் அடையாளம் கண்டு சேர்த்துக்கொள்வார்கள் என்பது நம்பிக்கை. அமெரிக்காவில் வாழும் மூதாட்டிகளும் அதற்கென ஆசியாவிலிருந்து கஞ்சாநார்த் துணி தருவித்து, மடித்துப் பெட்டியில் வைத்திருப்பதுண்டு.