நேபாளி இலக்கியம்: நாட்டுக்கு வெளியே வளர்ந்த எழுத்து

நேபாளி இலக்கியம் என்பது நேபாளி மொழியில் எழுதப்பட்ட கவிதை, கதை, நாவல், கட்டுரை ஆகியவற்றைக் குறிக்கும். தேவநாகரி எழுத்தில் எழுதப்படும் இம்மொழி நேபாளத்தின் ஆட்சிமொழி. இந்திய அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலும் இது உள்ளது. டார்ஜிலிங், சிக்கிம், அசாம் பகுதிகளில் இம்மொழி பேசும் இந்தியர்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். ஆகவே இதை அயல்நாட்டு இலக்கியம் என்று ஒதுக்கிவிட முடியாது.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஓசூர் கடைவீதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் எப்போதும் ஒலிக்கும். சிப்காட் தொழிற்பேட்டை வளர வளர வடநாட்டு மொழிகளும் சேர்ந்துகொண்டன. இங்குள்ள உணவகம் ஒன்றில் பரிமாறிய இளைஞரிடம், "நேபாளமா தம்பி?" என்று கேட்டேன். "இல்ல சார், டார்ஜிலிங். இந்தியாதான்" என்றார். இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டுச் சலித்தவர் என்பது முகத்தில் தெரிந்தது. அதன்பின் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நேபாளியின் ஆதிகவி எனப் போற்றப்படுபவர் பானுபக்த ஆச்சார்யா (1814-1868). தனஹூன் மாவட்டத்தில் பிறந்தவர். அவருக்கு முன்பும் நேபாளியில் கவிஞர்கள் இருந்தனர். ஆனால் அறிஞர்கள் சமஸ்கிருதத்தையே பெரிதும் போற்றிய காலத்தில், எழுத்தறியாதவரும் கேட்டு மகிழும்படி இராமாயணத்தை நேபாளியில் பாடியவர் அவரே. வசதியான குடும்பத்தில் பிறந்த பானுபக்தர், புல் அறுத்துப் பிழைத்த ஒருவர் தம் சிறுவருமானத்தில் ஊருக்குக் கிணறு வெட்ட எண்ணியதைக் கேட்டு வெட்கப்பட்டு எழுதத் தொடங்கினார் என்றொரு கதை வழங்குகிறது. பின்னாளில் அரசுப் பணியில் கணக்குக் குறைந்ததாகக் காவலில் வைக்கப்பட்டபோது இராமாயணத்தின் சில காண்டங்களை எழுதினார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பு எழுதியதும், பிறகு எளிய தமிழில் 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதியதும் இங்கே நினைவுக்கு வருகின்றன.

பானுபக்தர் தம் நூலை அச்சில் காணவில்லை. அதை முழுமையாக அச்சிட்டவர் மோதிராம் பட்ட (1866-1896). அச்சான இடம் நேபாளம் அன்று, காசி, ஆண்டு 1887. பானுபக்தரின் வரலாற்றையும் எழுதி, ஆதிகவி என்ற பெயரை நிலைபெறச் செய்த மோதிராம் முப்பது வயதில் மறைந்தார்.

ஏன் காசி? நேபாளத்தில் 1846 முதல் 1951 வரை ராணா குடும்பத்தினர் ஆண்டனர். எழுத்தின் மீது அவர்களுக்கு இருந்த அச்சத்துக்கு ஒரு சான்று போதும். 1920இல் கிருஷ்ணலால் அதிகாரி என்பவர் மக்காச்சோளச் சாகுபடி பற்றி ஒரு நூல் எழுதினார். பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பற்றி எழுதிய இடங்களில் ஆட்சியாளர்களைக் குத்திக்காட்டினார் என்று கூறி அவரைச் சிறையிலடைத்தனர்; பிரதிகளை எரித்தனர். அவர் சிறையிலேயே இறந்தார். வேளாண்மை நூலுக்கே இந்தக் கதி என்றால், கவிஞர்கள் எல்லை தாண்டியதில் வியப்பில்லை.

எல்லைக்கு இந்தப் பக்கம் டார்ஜிலிங் இருந்தது. தேயிலைத் தோட்ட வேலைக்கும் படைவேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே பள்ளி சென்றனர். சூர்யவிக்ரம் ஞவாலி, தரணிதர் கொய்ராலா, பாரஸ்மணி பிரதான் ஆகிய மூவரின் பெயர் முதலெழுத்துகளைச் சேர்த்து 'சுதபா' என்பர். 1924இல் டார்ஜிலிங்கில் நேபாளி சாகித்திய சம்மேளனம் உருவானதில் இவர்களுக்குப் பெரும்பங்குண்டு. மூவருமே ஆசிரியப் பணி செய்தவர்கள் என்பதை ஓர் ஆசிரியனாகக் கொஞ்சம் பெருமையோடு குறிப்பிடுகிறேன்.

நேபாளி நூல்களில் மிகப் புகழ்பெற்றது லட்சுமி பிரசாத் தேவகோட்டா (1909-1959) எழுதிய 'முனா மதன்'. சமஸ்கிருத யாப்பை விட்டு, உழைக்கும் மக்கள் பாடும் ஜ்யாவுரே என்னும் நாட்டுப்புற மெட்டில் எழுதப்பட்ட குறுங்காவியம் அது. கடனும் வறுமையும் துரத்த, இளம் மனைவி முனாவை விட்டு மதன் லாசாவுக்குப் பொருள் தேடப் போகிறான். திரும்பும் வழியில் நோயுற்றவனை உடன்வந்தோர் கைவிட்டுச் செல்கின்றனர். தாழ்ந்தவனென்று அவன் சமூகம் கருதிய ஒரு திபெத்தியன்தான் அவனைக் காப்பாற்றுகிறான். உயர்சாதி மதன் அவன் காலைத் தொட்டு வணங்குகிறான். வீடு சேரும்போது முனா இல்லை. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் பெங்களூருக்கும் ஆட்கள் கிளம்பும் இந்நாளிலும் அக்காவியம் பழையதாகவில்லை.

தேவகோட்டாவும் 1947இல் காசிக்குச் சென்று ராணா ஆட்சியை எதிர்த்து எழுதினார். பின்னர் நேபாளத்தின் கல்வி அமைச்சராகவும் இருந்தார். அவர் சாகும் தறுவாயில், மற்ற நூல்களை எரித்தாலும் 'முனா மதன்' மட்டும் இருக்கட்டும் என்றாராம்.

1937இல் டார்ஜிலிங்கில் பிறந்து காத்மாண்டு சென்றவர் பாரிஜாத் (இயற்பெயர் விஷ்ணுகுமாரி வைபா). சிரீஷ மலர் என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட நாவலுக்காக மதன் புரஸ்கார் விருதைப் பெற்ற முதல் பெண் அவர். பர்மாப் போர்முனையிலிருந்து திரும்பிய ஒரு படைவீரனின் மனச்சிதைவே அதன் கரு. டார்ஜிலிங்கிலேயே தங்கிய இந்திர பகதூர் ராய் (1927-2018), ஈஸ்வர் பல்லவ், பைராகி காயிங்லா ஆகியோருடன் சேர்ந்து 'மூன்றாம் பரிமாணம்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். நேபாளி மொழிக்கான முதல் சாகித்திய அகாதெமி விருது அவருக்கே கிடைத்தது.

அந்த விருது எளிதில் வந்ததன்று. அரசியலமைப்பில் நேபாளியைச் சேர்க்க வேண்டுமென்ற கோரிக்கை 1956இலேயே டேராடூனிலிருந்து எழுந்தது. 1961இல் மேற்கு வங்க அரசு மலைப்பகுதிகளுக்கு மட்டும் அதை ஆட்சிமொழியாக ஏற்றது. சாகித்திய அகாதெமி 1975இல் அங்கீகரித்தது. அதற்குப் பிறகும் அது அயல்நாட்டு மொழி என்ற பேச்சு ஓயவில்லை. 1992 ஆகஸ்ட் 20 அன்று மக்களவை 71ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. கொங்கணி, மணிப்புரி ஆகியவற்றுடன் நேபாளியும் அட்டவணையில் சேர்ந்தது. முதல் கோரிக்கையிலிருந்து கணக்கிட்டால் முப்பத்தாறு ஆண்டுகள்.

மீண்டும் அந்த உணவகத்துக்குப் போனபோது, 'முனா மதன்' தெரியுமா என்று அந்த இளைஞரிடம் கேட்டேன். பள்ளியில் படித்ததாகச் சொன்னார். இரண்டு அடி மெல்லப் பாடிக் காட்டினார். பக்கத்து மேசையிலிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டார்.